கணிப்பு மேசையும் கல்லூரிப் பட்டமும்: செங்கோட்டையிலிருந்து சூரியனை நோக்கி

கணிப்பிலும் விண்வெளி அறிவியலிலும் பெண்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்? நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. 2023 செப்டம்பர் 2 அன்று முற்பகல் 11.50 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 விண்கலம் ஏவப்பட்டபோது அந்தக் கேள்வி தென்காசி மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. சூரியனை ஆராய்வதற்கென்றே இந்தியா அனுப்பிய முதல் விண்கலம் அது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி 1964-ல் செங்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியிலும், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியிலும், ராஞ்சிக்கு அருகே மெஸ்ராவிலுள்ள பிர்லா தொழில்நுட்ப நிறுவனத்திலும் படித்தவர். 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார்.

குற்றாலச் சாரலும் நெல்வயலும் பீடித் தொழிலும் அறியப்பட்ட ஒரு பகுதியிலிருந்து ஒரு பெண் இந்தப் பொறுப்புக்கு வந்ததை விளக்க நான்கு விடைகள் பொதுவாக முன்வைக்கப்படுகின்றன: தனித் திறமை, அரசுக் கல்வி, இஸ்ரோவின் அமைப்புமுறை, தென் தமிழகத்தின் விண்வெளித் தொடர்பு. இவை ஒவ்வொன்றின் தோற்றத்தையும் வலுவையும் குறையையும் இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. ஒப்பீட்டுக்காக, இத்துறையில் அதிகம் ஆராயப்பட்டுள்ள அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாறு முதலில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அமெரிக்க முன்னுதாரணம்: மேசையில் தொடங்கிய வழி

எந்திரக் கணினிகள் வருவதற்கு முன், வானியலிலும் விமானவியலிலும் நீண்ட கணக்குகளைப் போட்டுத் தர ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ஹார்வர்டு வானாய்வகம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வேலைக்குப் பெண்களை எடுத்தது. 1935-ல் லாங்லி விமான ஆய்வகமும் அதே வழியில் சென்றது. ஆண்களைவிடக் குறைந்த ஊதியத்தில் நுணுக்கமான வேலை கிடைத்ததே நிர்வாகங்களைக் கவர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டது. பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1941-ஆம் ஆண்டு ஆணையும் சேர்ந்துகொள்ள, கறுப்பினப் பெண்களுக்கும் இந்த வாசல் திறந்தது. டோரதி வாகன் 1943-ல் லாங்லியில் சேர்ந்தார். ஆனால் அவர்களுக்குத் தனிக் கட்டடம், உணவகத்தில் தனி மேசை என்ற ஒதுக்கல் 1958-ல் நாசா உருவாகும்வரை நீடித்தது.

இந்த வரிசையில் பெரிதும் அறியப்பட்டவர் கேத்தரின் ஜான்சன். 1962 பிப்ரவரியில் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரும் முன், கணினி தந்த பாதைக் கணக்கை ஜான்சன் மேசைக் கணக்கு எந்திரத்தில் மறுபடி போட்டுச் சரிபார்த்தார். அவரளவு பேசப்படாதவர் ஆனி ஈஸ்லி. அலபாமாவில் 1933-ல் பிறந்த அவர், 1955-ல் கிளீவ்லாந்திலுள்ள லூயிஸ் ஆய்வகத்தில் கணிப்பாளராகச் சேர்ந்தார். அங்கிருந்த சுமார் 2,500 ஊழியர்களில் கறுப்பினத்தவர் நால்வரே. எந்திரக் கணினிகள் வந்து மனிதக் கணிப்பாளர் வேலை மறைந்தபோது, அவர் ஃபோர்ட்ரான் மொழியில் நிரல் எழுதக் கற்று, சென்டார் ராக்கெட் மேல்நிலைக்கான மென்பொருளிலும் ஆற்றல் சேமிப்பு ஆய்வுகளிலும் பணியாற்றினார். கணிதப் பட்டத்தை வேலையில் இருந்தபடியே, சொந்தச் செலவில் படித்து 1977-ல் பெற்றார். வேலையில் சேர்ந்து அப்போது 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த வரலாற்றை விளக்குவோரில் இரு தரப்பு உண்டு. போர்க்காலத் தேவையும் மலிவு உழைப்புமே பெண்களை உள்ளே கொண்டுவந்தன என்பது ஒரு தரப்பு. தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகளும் பள்ளி ஆசிரியர்களும் பல்லாண்டு கணிதம் கற்பித்துத் தயார் செய்திராவிட்டால், திறந்த வாசலில் நுழைய ஆளே இருந்திருக்காது என்பது மற்றொரு தரப்பு. ஜான்சனும் வாகனும் முன்பு பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள் என்பது இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்க்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று: அங்கே பெண்கள் முதலில் மேசைக்கு வந்தார்கள், பதவிப் பெயரும் புகழும் வெகு தாமதமாக வந்தன. ஜான்சனுக்கு அந்நாட்டின் உயரிய குடிமை விருது கிடைத்த 2015-ல் அவருக்கு வயது 97.

இந்தியாவில் கணிப்பு மேசை யாருடையது?

அமெரிக்க விளக்கத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இந்தியாவிலும் மனிதக் கணிப்பாளர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த வேலை ஆண்கள் வகித்த அரசு உத்தியோகமாக இருந்தது. இந்திய நில அளவைத் துறையில் 1831-ல் கணிப்பாளராகச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கோடு பேசப்படுபவர். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். நிலையான சம்பளமும் மதிப்பும் கொண்ட அந்த உத்தியோகத்தை மலிவாகப் பெண்களிடம் தள்ளிவிடும் நெருக்கடி ஆட்சியாளர்களுக்கு ஏற்படவில்லை. பள்ளிக்கல்வி பெற்ற பெண்களும் அன்று மிகச் சிலரே.

தமிழகத்தின் சூரிய ஆய்வு மரபிலும் இதே நிலை. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில்தான் 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். அவருடைய மனைவி மேரி எவர்ஷெட் சூரியத் தீப்பிழம்புகளைப் பற்றிய ஆய்வில் இணைந்து உழைத்தவர். அவர் அந்த ஆய்வகத்தின் உத்தியோகஸ்தர் அல்லர்.

விதிவிலக்காக எழுந்தவர் அன்னா மணி. மேற்குத் தொடர்ச்சி மலையில் பீர்மேட்டில் 1918 ஆகஸ்ட் 23 அன்று பிறந்தவர். கேத்தரின் ஜான்சன் பிறந்தது அதற்கு மூன்று நாள் கழித்து. சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் மாணிக்கம், வைரம் ஆகியவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்து, நாட்டின் வானிலைக் கருவிகளைத் தரப்படுத்தினார். 1960-களில் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வு நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்தார். இந்திய விண்வெளித் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் கை இருந்தது என்பதற்கு இது சான்று. அதே நேரம், ஒருவர் வந்ததனாலேயே அந்த வழியில் பலர் வந்துவிடவில்லை என்பதையும் இது காட்டுகிறது.

பொறியியலிலும் இதே போக்கு. கிண்டி பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் பட்டம் பெற்றது 1944-ல். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பொறியியல் வகுப்பறையில் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தனர். ஆகவே இந்தியாவில் விண்வெளிப் பணிக்குப் பெண்கள் வரவேண்டுமென்றால், அதற்கு முன் பொறியியல், இயற்பியல் பட்டங்கள் அவர்களுக்கு எட்டவேண்டியிருந்தது. ஆனி ஈஸ்லிக்கு வேலை முதலிலும் பட்டம் பின்னரும் வந்தன. நிகர் ஷாஜியின் தலைமுறைக்கு வரிசை நேர்மாறு.

ஆதித்யா-எல்1: பங்களிப்பின் தன்மை

விடைகளை மதிப்பிடுவதற்கு முன், விளக்கப்படவேண்டிய பங்களிப்பு எத்தகையது என்பது தெளிவாக வேண்டும். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்1 என்ற புள்ளி உள்ளது. அங்கே நிற்கும் ஒரு கலம் பூமியோடு சேர்ந்தே ஓராண்டில் சூரியனைச் சுற்றிவரும். கிரகணமோ இரவோ குறுக்கிடாமல் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த இடம் மலைமுகட்டில் நிறுத்திய உருண்டைக் கல்லைப் போன்றது. சிறிது பிசகினாலும் கலம் விலகிப் போய்விடும். ஆகவே அப்புள்ளியைச் சுற்றி ஒரு வளையப் பாதையில் அதை ஓடவிட்டு, அவ்வப்போது சிறு உந்தல்களால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் பயணத்தின் கணக்கு நுட்பத்தை ஒரு நிகழ்வு காட்டும். 2023 செப்டம்பர் 19 அன்று கலம் பூமியின் சுற்றுப்பாதையை விட்டு எல்1 நோக்கித் தள்ளிவிடப்பட்டது. பின்தொடர்ந்து அளந்தபோது பாதையில் சிறு விலகல் தெரிந்தது. அக்டோபர் 6 அன்று எந்திரங்கள் சுமார் 16 விநாடி இயக்கப்பட்டு அது திருத்தப்பட்டது. பல லட்சம் கிலோமீட்டர் பயணத்தின் முடிவு அந்த 16 விநாடிகளைப் பொறுத்திருந்தது. 2024 ஜனவரி 6 மாலை 4 மணியளவில் கலம் வளையப் பாதையில் நிலைகொண்டது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 178 நாள்கள். பிப்ரவரி 22, ஜூன் 7 ஆகிய நாள்களில் பாதை திருத்தப்பட்டது. ஜூலை 2 அன்று மூன்றாவது திருத்தத்தோடு முதல் சுற்று நிறைவடைந்தது. 1962-ல் ஜான்சன் மேசையில் சரிபார்த்த கணக்கும் இதுவும் ஒரே வகை. அளந்ததையும் எதிர்பார்த்ததையும் ஒப்பிட்டு வேறுபாட்டைத் திருத்துவதே இரண்டிலும் வேலை. இங்கே அதை ஒரு பெருங்குழுவும் கணினிகளும் சேர்ந்து செய்தன.

திட்ட இயக்குநரின் வேலை இந்தக் கணக்கைத் தானே போடுவது அல்ல. ஆதித்யாவில் ஏழு ஆய்வுக் கருவிகள் உள்ளன. சூரிய வளிமண்டலத்தின் வெளிப்புறத்தைப் படமெடுக்கும் கருவியைப் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனமும், புறஊதா ஒளியில் படமெடுக்கும் கருவியைப் புனேயிலுள்ள வானியல் மையமும் உருவாக்கின. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நிபந்தனை. காந்தமானிக்குக் கலத்தின் சொந்தக் காந்தப்புலம் எதிரி. அதனால் அது 6 மீட்டர் நீளக் கையின் மீது தள்ளி வைக்கப்பட்டது. முதலில் சொன்ன ஒளிக்கருவிக்குத் தூசும் ஆவியும் எதிரி. அதைப் பொருத்தும் தூய அறையில் வேலை செய்தவர்கள் வாசனைத் திரவியம் பூசிவரக்கூட அனுமதியில்லை. அக்கருவி நாளொன்றுக்கு 1,440 படங்களை அனுப்ப வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு தரவையும் குறுகிய வானொலித் தொடர்பில் தரைக்கு இறக்க வேண்டும். ஒன்றின் தேவை மற்றொன்றைக் கெடுக்காமல் எடை, மின்சாரம், வெப்பம், தரவு எல்லாவற்றையும் பங்கிட்டு, சுமார் 1,480 கிலோ கலத்துக்குள் அடக்குவதே இயக்குநரின் பொறுப்பு. நிகர் ஷாஜி படச் சுருக்கம், அமைப்புப் பொறியியல் ஆகியவற்றில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். 2016 டிசம்பரில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2ஏ தொலையுணர்வுச் செயற்கைக்கோளின் இணைத் திட்ட இயக்குநராக இருந்தவர். இந்த இரு அனுபவங்களும் இப்பொறுப்புக்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

முதல் விடை: தனித் திறமை

ஒருவருடைய அறிவும் விடாமுயற்சியுமே காரணம் என்பது மிகப் பழைய விடை. இஸ்ரோவில் திறமைக்கே மதிப்பு, ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை என்ற கருத்தை நிகர் ஷாஜி உட்பட அங்குள்ள பெண் அறிவியலாளர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். உள்ளிருந்து வரும் இந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. 36 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் படிப்படியாக உயர்வது உழைப்பின்றி நடப்பதல்ல.

இவ்விடையின் குறை, அது உள்ளே வந்தவர்களை மட்டுமே எண்ணுகிறது என்பது. தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் அதே தலைமுறைப் பெண்கள் பலர் பள்ளியைப் பாதியில் விட்டு, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார்கள். அவர்களில் கணக்கில் கெட்டிக்காரர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறமை தேவை என்பதை இந்த விடை நிறுவுகிறது. திறமை மட்டும் போதுமா என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

இரண்டாம் விடை: கைக்கெட்டும் தூரத்தில் அரசுக் கல்வி

தமிழகத்தில் இன்று அதிகம் கேட்கப்படும் விடை இது. 2023 அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு அரசு ஒன்பது விண்வெளி அறிவியலாளர்களைப் பாராட்டி ஒவ்வொருவருக்கும் 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அந்த மேடையிலும் அரசுப் பள்ளிகளின் பங்கே வலியுறுத்தப்பட்டது. ஒன்பது பேரில் நிகர் ஷாஜி, சந்திரயான்-2 திட்ட இயக்குநர் மு. வனிதா என இருவர் பெண்கள்.

செங்கோட்டையைப் பொறுத்தவரை இவ்விடைக்குத் தெளிவான கால வரிசை உண்டு. 1978-ல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. அதற்கு முன், தொழிற்படிப்புக்குப் போக விரும்புபவர் பள்ளியை முடித்துக் கல்லூரியில் புகுமுக வகுப்பு படிக்க வேண்டும். சிறு ஊர்ப் பெண்ணுக்கு அது பெரும்பாலும் வெளியூர் விடுதியைக் குறித்தது. பல குடும்பங்கள் அங்கேயே படிப்பை நிறுத்திவிட்டன. மேல்நிலை வகுப்பு வந்ததும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் அந்தந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டன. 1980-ல் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது. 1981-ல் திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 1964-ல் பிறந்த ஒருவர் மேல்நிலை வகுப்பை முடிக்கும் வயதில் இந்த மூன்றும் ஒன்றாகக் கைகூடியிருந்தன. பத்தாண்டு முன்னால் பிறந்திருந்தால் மூன்றில் ஒன்றுகூட உரிய வேளையில் கிடைத்திருக்காது.

குற்றாலத்தில் 1964-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் நடக்கும் அக்கல்லூரி, சுற்றுவட்டாரப் பெண்கள் அறிவியல் பட்டம் பெறும் பழக்கத்தை வேரூன்றச் செய்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதியாக இருந்ததால், அந்தச் சமஸ்தானத்தின் கல்வி மரபும் ஒரு காரணம் என்று வாதிட இடமுண்டு. 1817-லேயே கல்விச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்த சமஸ்தானம் அது. இருந்தாலும் அம்மரபு 1970-களின் பள்ளிச் சேர்க்கையில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பது நிறுவப்படவேண்டிய செய்தி.

இவ்விடைக்கும் குறையுண்டு. அதே பள்ளி, அதே கல்லூரி வழியாகப் போன பெண்களில் மிகப் பெரும்பாலோர் விண்வெளிப் பணிக்குச் செல்லவில்லை. பலர் பட்டத்தோடு வேலைக்கே போகவில்லை. பெண்ணை வெளி மாநிலத்தில் முதுகலை படிக்கவும், முதல் வேலைக்காக ஸ்ரீஹரிகோட்டா செல்லவும் அனுமதித்த குடும்பச் சூழலை அரசுக் கல்வி மட்டும் விளக்காது.

மூன்றாம் விடை: அமைப்பின் விதிகள்

இஸ்ரோவின் அமைப்புமுறையே காரணம் என்பது மூன்றாவது விடை. அரசுத் துறைக்குரிய நிலையான ஊதிய நிலைகள், தகுதி அடிப்படையிலான தேர்வு, மகப்பேறு விடுப்பு, குடியிருப்பு வசதி ஆகியவை குடும்பமும் வேலையும் சேர்ந்து நடக்க இடம் கொடுத்தன. ஒவ்வொரு வடிவமைப்பும் பலகட்ட மறுஆய்வுக் குழுக்களின் முன் வைக்கப்படுவதால், யார் சொன்னார் என்பதைவிட என்ன சொன்னார் என்பதற்கு முதன்மை கிடைக்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் துணைப் பதவிகளிலேயே பல்லாண்டு நிறுத்திவைக்கப்பட்டார்கள். இங்கே பட்டத்தோடு வந்த பெண் முதல் நாளிலிருந்தே பொறியாளர் என்ற பதவியில் அமர்ந்தார்.

விளைவுகளும் உண்டு. டி.கே. அனுராதா 2011-ல் ஜிசாட்-12 திட்டத்துக்குத் தலைமை வகித்தார். அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி 2012-ல் ஏவப்பட்ட ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை 2015-ல் முதன்முதலாகப் பெற்றவர். 2019-ல் சந்திரயான்-2 திட்டத்தை வனிதாவும் ரிது கரிதாலும் வழிநடத்தினர். அக்குழுவில் சுமார் 30 விழுக்காட்டினர் பெண்கள் என்று அப்போதைய தலைவர் கை. சிவன் தெரிவித்தார்.

ஆனால் விதிகள் நடுநிலையாக இருப்பதும் முடிவுகள் சமமாக இருப்பதும் ஒன்றல்ல. திட்ட இயக்குநர் நிலைவரை பெண்கள் வந்துள்ளனர். 1969-ல் தொடங்கப்பட்ட இஸ்ரோவின் தலைவர் பதவியில் இதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை. ஆரம்ப நிலையிலேயே பெண் விண்ணப்பதாரர்கள் குறைவா, நடுவில் விலகுவோர் அதிகமா, மேல்நிலைத் தேர்வில் தடை உண்டா என்ற மூன்று சாத்தியங்களையும் பிரித்தறிய வேண்டும். முன்னேறியவர்களின் பேட்டிகள் மட்டும் அதற்குப் போதா.

நான்காம் விடை: தென்கோடியின் விண்வெளிப் புவியியல்

இந்திய விண்வெளித் திட்டம் தென்முனையில் பிறந்தது என்பதே ஒரு காரணம் என்போர் உண்டு. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே திருவனந்தபுரம் செங்கோட்டையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மங்கள்யான் திட்ட இயக்குநர் சு. அருணனும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவரே. தெரிந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார் என்ற செய்தி, மாணவர்களுக்கு அந்த வேலையைச் சாத்தியமானதாகக் காட்டுகிறது.

இது ஈர்ப்பான விடையாயினும் நான்கிலும் வலுக் குறைந்தது. இஸ்ரோவின் ஆள்சேர்ப்பு நாடு தழுவியது; தளத்தின் அருகாமை தேர்வில் முன்னுரிமை தருவதில்லை. வளர்மதியின் அரியலூரிலோ சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேலின் விழுப்புரத்திலோ விண்வெளி நிலையம் எதுவும் இல்லை. அருகாமை ஆசையைத் தூண்டலாம். அந்த ஆசையை வேலையாக்கியவை பள்ளியும் கல்லூரியும்தான்.

பெயர் தெரிவதும் மறைவதும்

பங்களிப்பைப் பற்றிய கேள்வியோடு ஒட்டியே வருவது அங்கீகாரம். அமெரிக்கக் கணிப்பாளர்களின் பெயர்கள் பல பத்தாண்டுகள் மறைந்திருந்து, 2016-ல் மார்கோ லீ ஷெட்டர்லியின் நூலுக்குப் பிறகே பரவலாகத் தெரிந்தன. இந்தியாவில் மறைதல் வேறு வகையில் நடக்கிறது. 2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது, பட்டுச் சேலையும் பூவுமாய்ப் பெண்கள் மகிழும் படம் உலகெங்கும் பரவியது. அதில் இருந்தோர் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று பின்னர் தெளிவானது. திட்டத்தில் உழைத்த நந்தினி ஹரிநாத் போன்ற அறிவியலாளர்களின் பெயர்கள் அதன்பின்தான் வெளிவந்தன. படம் முந்திக்கொண்டது, பணி பின்தங்கியது.

குழு உழைப்பை ஒருவர் பெயரில் ஏற்றுவதும் இன்னொரு வகை மறைத்தலே என்ற மறுப்பு உண்டு. ஆதித்யாவின் பாதைத் திருத்தங்களைக் கணித்த, நிரல்களைச் சோதித்த, கருவிகளைப் பொருத்திய பெண்கள் பலருடைய பெயர் செய்தித்தாளில் வந்ததில்லை. ஆனால் தலைமை வகித்தவரின் பெயர் சொல்லப்படுவதற்கும் ஒரு பயன் உண்டு. செங்கோட்டைப் பள்ளி மாணவிக்கு அது கண்ணெதிரே உள்ள சான்று. ஒரு தலைவரைப் போற்றுவதோடு குழுவின் பட்டியலையும் பதிவுசெய்வதே இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும்.

மத்தளம்பாறை: இன்னொரு வாசல்

கணிப்புத் துறையில் தென்காசிப் பகுதிக்கு அண்மையில் வேறொரு வழி திறந்துள்ளது. குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் 2010-களின் தொடக்கத்தில் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் அலுவலகம் அமைத்தது. பட்டம் பெறாத மாணவர்களை உதவித்தொகையோடு பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும் அந்நிறுவனத்தின் பள்ளியும் அங்கே இயங்குகிறது. ஒரு வகையில் இது ஆனி ஈஸ்லியின் வரிசைக்குத் திரும்புவது: மேசை முதலில், பட்டம் தேவைப்பட்டால் பின்னர். வெளியூர் போக வாய்க்காத பெண்களுக்கு ஊர் அருகே மென்பொருள் வேலை கிடைப்பது புதிய நிலை. எனினும் விண்வெளித் துறையின் பொறியாளர் பதவிகள் இன்றும் பட்டத்தையே கேட்கின்றன. ஆகவே இந்த வாசல் முந்தையதற்கு மாற்றாகுமா, அருகே நிற்கும் தனி வாசலாகவே இருக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

விடைகளை எடைபோடுதல்

நான்கு விடைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. திறமையும் குடும்பத்தின் துணையும் தேவையான நிபந்தனைகள். அமைப்பின் விதிகள், உள்ளே வந்தவர் மேலேற வழிசெய்தன. அருகாமை ஊக்கம் தந்திருக்கலாம். ஆனால் ஏன் செங்கோட்டை, ஏன் 1980-கள் என்ற இரண்டையும் ஒருசேர விளக்கக்கூடியது அரசுக் கல்வி பற்றிய இரண்டாம் விடை ஒன்றே. மேல்நிலை வகுப்பு ஊர்ப் பெண்கள் பள்ளிக்கு வந்ததும், பொறியியல் கல்லூரி மாவட்டத் தலைநகருக்கு வந்ததும் ஒரு தலைமுறையின் வரம்பை மாற்றின. அமெரிக்காவில் கணிப்பு மேசை செய்த வேலையை இங்கே அவை செய்தன. மேசை வழி அகலமானது, ஆனால் மதிப்புக் குறைந்தது. பட்டத்தின் வழி குறுகலானது, ஆனால் உள்ளே வந்தவருக்கு உரிய பதவியைத் தொடக்கத்திலேயே தந்தது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் அந்தக் குறுகிய வழியில் நுழைய முடியாமல் போன பெண்கள்.

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. ஒருவருடைய வாழ்க்கையை வைத்து ஒரு வட்டாரத்துக்கான முடிவைச் சொல்ல முடியாது; தென் மாவட்ட அரசுக் கல்லூரிகளின் முதல் பத்தாண்டு மாணவியர் எங்கே சென்றனர் என்பது தொகுக்கப்பட்டால்தான் இரண்டாம் விடை உறுதிப்படும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் தரப்படும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 2022-ஆம் ஆண்டுப் புதுமைப் பெண் திட்டமும் அவ்வழியை அகலப்படுத்துமா என்பதை இன்னும் பத்தாண்டு கழித்தே அளக்க இயலும். பீடிச் சுளகின் முன் அமர்ந்திருக்கும் தாயின் மகள் பொறியியல் வகுப்பில் சேர்ந்து, படிப்பை முடித்து, வேலைக்கும் போகிறாளா என்பதே அந்த அளவையின் சரியான அலகாக இருக்கும்.